தாங்கள் சொன்ன பயிற்சி மையம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் தங்கையும் உடம்பளவில் சுகம். அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை; ஏனென்றால், கொஞ்ச நாளாக நான் கூப்பிட்டால் தாங்கள் போனை எடுப்பதில்லை. தங்கள் தங்கையின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறீர்கள், என் குரலைக் கேட்டதும் லைன் கட்டாகிவிடுகிறது. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

விஷயம் தங்கள் மருமகனைப் பற்றியது. பட்டம் வாங்கினான், வாங்கிய களைப்பில் கூடத்து சோபாவில் படுத்தான், அதோடு சரி. நான் இன்சூரன்ஸ் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து எத்தனையோ பேரை விரட்டி வேலை வாங்கியவன். பெற்ற பிள்ளையை மட்டும் சோபாவிலிருந்து கிளப்ப முடியவில்லை. வேலைத் தேர்வுக்கான புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன். அவற்றைத் தலைக்கு வைத்துக்கொண்டான். போன தடவை தாங்கள் இங்கே வந்தபோது அவன் நீட்டியிருந்த காலைத் தாண்டித்தான் உள்ளே வந்தீர்கள். உட்கார்ந்ததும் என்ன சொன்னீர்கள்? “மாப்பிள்ளை, ஆத்தங்கரையில ஒரு ஊர் இருக்கு. அங்க ஒரு பயிற்சி மையம் ரொம்பப் பேர் போனதாம். எப்பேர்ப்பட்ட முரடையும் வழிக்குக் கொண்டுவந்துடுவாங்களாம்.” ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். மறுநாளே எங்கிருந்தோ நம்பரும் பிடித்துக் கொடுத்தீர்கள். யாருக்குப் பயிற்சி என்று நானும் கேட்கவில்லை, தாங்களும் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியை நம் இரண்டு பேரில் ஒருவர் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இந்தக் கதியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அந்த நம்பருக்குப் போன் செய்தேன். மையத்தின் பொறுப்பாளர் எடுத்தார். என்னிடம் ஒருத்தன் இருக்கிறான், உங்கள் இடத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். “நீங்க சொந்தக்காரரா?” என்றார். சொந்தம்தான், சின்னதிலிருந்து நான்தான் வளர்க்கிறேன் என்றேன். வயது கேட்டார். சொன்னேன். இந்த வயதில் வந்தால் பழக்கிவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார். ஆளை அடிப்பானா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கண்டிப்பான இடம், எல்லாவற்றையும் விசாரிப்பார்கள் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன்.

“பரம சாதுங்க. எழுந்திருக்க மாட்டேங்குறான், அதான் பிரச்சினையே.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எழுந்திருக்கவே மாட்டேங்குறானா? எவ்வளவு நாளா?” என்றார்.

“இருக்கும், ஒரு மூணு வருஷம்.”

“மூணு வருஷமா படுத்தே கெடக்குறவன் உசுரோட இருக்கறதே பெரிய விஷயம்ங்க.”

அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் தழுதழுத்துவிட்டது. என் கஷ்டத்தை இப்படி உள்ளபடி புரிந்துகொண்ட மனிதரை நான் அதுவரை சந்தித்ததேயில்லை. பெற்ற தாய்கூடப் புரிந்துகொள்ளாததை ஒரு மூன்றாம் மனிதர் புரிந்துகொள்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், கேட்டதற்கெல்லாம் மனம் திறந்து பதில் சொன்னேன். காலில் புண் இருக்கிறதா என்றார். புண் ஒன்றும் இல்லை, கொழுப்புதான் என்றேன். சாப்பாடு எப்படி என்றார். வாழைத்தாரை எதிரில் வைத்தால் காம்பைத் தவிர மிச்சம் இருக்காது என்றேன். மற்றவர்களோடு சேர்வானா என்றார். கூட்டம் என்றாலே ஒதுங்கிவிடுவான் என்றேன். தண்ணீரைக் கண்டால் எப்படி என்றார். அதை மட்டும் கேட்காதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை அவன் அம்மா மன்றாடினால்தான் உண்டு என்றேன். இங்கே வந்துவிட்டால் தினம் இரண்டு வேளை ஆற்றில் இறக்கி, புரட்டிப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துவிடுவோம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்ததை மறைப்பதற்கில்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது: அவர்களிடம் பயிற்சி முடித்தவர்களில் பாதிக்கு மேல் இப்போது வன இலாகாவில் இருக்கிறார்களாம்.

அரசாங்க உத்தியோகம். நான் எழுந்து நின்றுகொண்டே மிச்சத்தைப் பேசினேன். லாரி அனுப்பட்டுமா என்று கேட்டார். சாமான் ஒன்றும் அதிகமில்லை, வண்டியெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படி ஏற்றுவீர்கள் என்று ரொம்பவும் கவலைப்பட்டார். ஏறுவதற்குள் கொஞ்சம் முரண்டு பிடிப்பான், பின்னாலிருந்து தள்ளினால் ஏறிவிடுவான் என்றேன். ஜாக்கிரதை என்றார்.

தள்ளித்தான் ஏற்றினேன். பேருந்து பாலத்துக்கு முன்னால் எங்களை இறக்கிவிட்டுப் போனது. ஊர் என்னவோ பார்க்க நன்றாகத்தான் இருந்தது: ஆற்றை ஒட்டி ஒரே நீளமான தெரு, தண்ணீருக்குள் இறங்கும் அகலமான சரிவு, அந்தப் பக்கம் மரங்கள். தெருவில் அங்கங்கே பெரிய பெரிய வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. சாலைப் பராமரிப்பு சரியில்லை என்று அவனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். மையத்தின் வாசலில் யானைத் தலை போட்ட பலகை. எந்த நிறுவனத்துக்கும் ஒரு சின்னம் இருக்கத்தானே செய்யும் என்று அதையும் கடந்துவிட்டேன். உள்ளே நுழைந்தால் ஒரு கூட்டமே காத்திருந்தது. நாலைந்து பேர் கையில் ரப்பர் குழாய், ஒரு ஆள் உயரத்துக்குத் தழை, வாழைத்தார்கள், கயிறு, கப்பி. கால்நடை மருத்துவரம்மா ஒருவர் கையில் ஊசி வைத்திருந்தார். அதை ஊசி என்று சொல்வது பாவம், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு மாதிரி இருந்தது. பொறுப்பாளர் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எங்க அவன்?” என்றார்.

“இதோ,” என்றேன்.

அவர் தங்கள் மருமகனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் பார்த்தார். வெளியே போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். அந்தச் சமயம் பார்த்து ஆற்றுச் சரிவிலிருந்து மூன்று யானைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்து, என்னைத் தூணோ மரமோ என்பதுபோல உரசிக்கொண்டு போயின. மைத்துனரே, நான் சத்தம் போடவில்லை. போட முயற்சி செய்தேன், வரவில்லை. வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது; யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மரம் இழுத்தும் வித்தை காட்டியும் அடிபட்டும் நொடிந்துபோன யானைகளை மீட்டுக் கொண்டுவந்து பழக்குகிற இடம் அது. தாங்கள் சொன்ன முரடு அதுதான். வன இலாகாவில் உத்தியோகம் பார்ப்பதும் அதுதான்.

பொறுப்பாளருக்கும் எனக்கும் பேச்சு தடித்துவிட்டது. மூன்று வருடமாக எழுந்திருக்கவில்லை என்றீர்களே என்று அவர் கேட்க, ஆமாம், எழுந்திருக்கவில்லை என்று நான் சொல்ல, இதோ நிற்கிறாரே என்று அவர் கையைக் காட்ட, திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. பையன் மாயம். திரும்பிப் போக சாயங்காலம்தான் பேருந்து. அதற்குள் எங்கே போய்த் தொலைந்தான் என்று எல்லாரும் தேடினோம். முதலில் கண்டுபிடித்தது மருத்துவரம்மாதான். கண்டுபிடித்ததும் அவர் செய்த காரியம், கையால் என் வாயைப் பொத்தியது.

தகரக் கொட்டகை ஒன்று. அதற்குள் புதிதாக வந்த பெண் யானை. இன்னும் பெயர் வைக்காததால் ‘புதுசு’ என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். வந்த நாளிலிருந்து தழையைத் தொடவில்லை. மனிதர் யார் கிட்டே போனாலும் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு நடுங்குமாம். இப்படியே போனால் பிழைக்காது என்று மருத்துவரம்மாவே கையை விரித்துவிட்டிருந்தார். அந்தக் கொட்டகைக்குள், நிழலாக இருக்கிறது என்று, சிமெண்டுத் திண்டின் மேல் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தங்கள் மருமகன் தூங்கிக்கொண்டிருந்தான். புதுசு அவன் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தது. தும்பிக்கையால் கால் கட்டைவிரலில் ஆரம்பித்து, முழங்கால், வயிறு, கழுத்து என்று ஒவ்வொரு இடமாக மோந்தது. அவன் தலைக்கு அடியிலிருந்து பையை மெதுவாக உருவியது. உள்ளே இருந்த வாழைப்பழங்களைத் தின்றது. பிறகு நான் வாங்கிக் கொடுத்த பொது அறிவுப் புத்தகத்தை எடுத்து, மேலட்டையிலிருந்து ஆரம்பித்து, பொறுமையாக, ஒரு பக்கம் விடாமல் தின்று முடித்தது. நம் வீட்டில் அந்தப் புத்தகத்தை இவ்வளவு அக்கறையாக யாரும் தொட்டதில்லை. மருத்துவரம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். எனக்காக அழுகிறார் என்று நினைத்தேன். “சாப்புடுது,” என்றார்.

தலைக்கு அணை போனதும் தங்கள் மருமகன் கண் விழித்தான். முகத்துக்கு நேரே ஒரு யானை. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்திருப்பேன். அவன் கொட்டாவி விட்டுவிட்டு, “கொஞ்சம் தள்ளிக்கயேன், காத்தே வரல,” என்றான்.

அது தள்ளிக்கொண்டது.

நான் வருடக்கணக்காகத் தொண்டை கிழியச் சொல்லி அவன் ஒரு தடவை நகர்ந்ததில்லை. அவன் படுத்தபடி ஒரு தடவை சொன்னான், யானை நகர்ந்துவிட்டது. இந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. அதற்கு மேல் அதிர்ச்சி, பொறுப்பாளர் என் கையை மறுபடி பிடித்துக்கொண்டு, பையனைத் தயவுசெய்து இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றது. இங்கே அவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். “இருக்கறதுதான்,” என்றார். இருந்து என்ன செய்ய வேண்டும் என்றேன். ஒன்றும் செய்யக் கூடாது, அதுதான் வேலை என்றார். மருத்துவரம்மாவும் சேர்ந்துகொண்டார்: “நாங்க எல்லாருமே அதுகிட்ட எதையாவது செய்ய வைக்கணும்னுதான் போறோம். சாப்பிடு, எழுந்திரு, ஊசி போட்டுக்க. இவரு ஒருத்தர்தான் ஒண்ணுமே கேக்கல.” நான் தங்கள் மருமகனைப் பார்த்தேன். அவன் புதுசைப் பார்த்துக்கொண்டே, இருக்கிறேன் அப்பா என்றான். சாயங்காலப் பேருந்தில் நான் தனியாகத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து தங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மயங்கி விழுவாள் என்று பக்கத்தில் தண்ணீரோடு உட்கார்ந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்டாள். தண்ணீரை நானே குடித்தேன். அடுத்த வீட்டுக்காரர் பையன் எங்கே என்று கேட்டால், பயிற்சியில் இருக்கிறான் என்கிறாள். எந்தப் பயிற்சி என்று கேட்டால், வன இலாகா சம்பந்தப்பட்டது என்கிறாள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகச் சிரிக்கிறார், எனக்கு அது தாங்கவில்லை.

அதனால் போன வாரம் அவனைக் கையோடு அழைத்துவரலாம் என்று நானே கிளம்பிப் போனேன். ஆற்றில் இருந்தான். புதுசு இடுப்பளவுத் தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்திருக்க, தங்கள் மருமகன், வாரத்துக்கு ஒருமுறை குளிக்க மன்றாட வைத்தவன், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அதன் காதுக்குப் பின்னால் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். கரையில் நின்று, மேலே வா, வீட்டுக்குக் கிளம்பு, தேர்வுக்கு விண்ணப்பம் போட இதுதான் கடைசி வாரம் என்றேன். கொஞ்சம் அழுத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான். புதுசு எழுந்தது. தண்ணீர் வழிய வழிய நேரே என்னிடம் வந்தது. என் இடுப்பைச் சுற்றித் தும்பிக்கையைப் போட்டது. அப்படியே தூக்கி, சரிவைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தெருவில் டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஒரு சிராய்ப்பு இல்லை, சட்டை மட்டும் ஈரம். டீக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு டீயைப் போட்டு நீட்டினார். தலைமை எழுத்தராக இருந்தவனின் நாற்காலியைக்கூட ஒருத்தன் நகர்த்திப் போட்டதில்லை, மைத்துனரே. என்னையே நகர்த்திவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். “சத்தமா பேசாதீங்கப்பா. அடி விழறதுக்கு முன்னாடி அது கேட்டது எல்லாமே சத்தந்தான்,” என்றான். நான் எப்போது சத்தமாகப் பேசினேன் என்று சத்தமாகக் கேட்டேன். டீக்கடைக்காரர் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவன் பிறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ரகசியம் பேசுகிறவர்கள் மாதிரி பேசியது அன்றைக்குத்தான். இவ்வளவு நாள் ஏன்டா எழுந்திருக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், பதில் வந்தது முதல் தடவை.

“எழுந்தா எங்க போறதுன்னு தெரியலப்பா.”

இதெல்லாம் ஒரு பதிலா, தாங்களே சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் பெற்றவனைக் கேட்க வேண்டியதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தேன். பேருந்து வந்தது, ஏறினேன். அவன் ஜன்னல் பக்கம் வந்து, பார்த்துப் போங்கப்பா என்றான். இதற்கு முன் நான் எங்கே கிளம்பினாலும் அவன் தூக்கத்தில்தான் இருப்பான். நான் தலையை ஆட்டினேன்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது இதுதான். பட்டதாரிப் பையன், யானைக்குப் பக்கத்தில் சும்மா இருப்பதை ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டால் நாளைக்கு அவன் நிலைமை என்ன? எவன் மதிப்பான்? நான் போனால் தூக்கி வெளியே வைத்துவிடுகிறது, தங்கள் தங்கை போனால் அங்கேயே தங்கிவிடுவாள் போலிருக்கிறது. சேர்த்துவிட்டது தாங்கள். ஆகவே தாங்களே நேரில் போய், தாய்மாமன் என்ற முறையில் எடுத்துச் சொல்லி, அவனை அங்கிருந்து பிரித்துக் கொண்டுவந்து வீட்டில் ஒப்படைக்க வேண்டும். மெதுவாகப் பேசவும். கனமான ஆடைகள் வேண்டாம், ஈரமானால் காயாது.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் தெரிவிக்கவும். எல்லாரும் நோய் நொடி இல்லாமல், காலாகாலத்தில் எழுந்து, நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தங்கள் மருமகன் பையோடு வந்து வாசலில் நிற்கிறான். வேலையை விட்டுவிட்டானாம். ஏன்டா என்றால், புதுசுக்கு உடம்பு தேறிவிட்டதாம். இப்போது விடிந்தால் காட்டோரமாக நடக்க வேண்டும் என்கிறதாம், நடந்தால் கூடவே இவனும் வர வேண்டுமாம், இரண்டு வேளையும் ஆற்றில் நீந்துகிறதாம். உட்காரவே விடுவதில்லை, அங்கே வேலை ரொம்ப அதிகம் அப்பா என்கிறான். சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். தங்கள் தங்கை விசிறிக்கொண்டிருக்கிறாள். சற்று முன் பொறுப்பாளர் போன் செய்தார். அவன் பஸ் ஏறியதிலிருந்து அது வேலியோரமாகவே நிற்கிறதாம், போட்ட தழை போட்டபடி கிடக்கிறதாம். எனக்கும் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இவனை இன்று சாயங்காலப் பேருந்தில் ஏற்றியாக வேண்டும், நானும் கூடவே போகிறேன். பால்காரர் தங்கள் தெருப் பக்கம் போகிறார், இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பார்த்தவுடன் புறப்பட்டு வரவும். மெதுவாகத்தான் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. தாங்கள் தலைப்பக்கம் பிடித்தால் நான் கால்பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.